எந்த இரத்தப் பரிசோதனை, எங்கே, எவ்வளவுக்கு: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

நாற்பதைத் தொட்ட ஒருவர், ‘ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்’ என்ற எண்ணத்தோடு தனியார் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்குள் முதன்முறையாக நுழைந்தால், முன்மேசையில் இருப்பவர் பெரும்பாலும் ஒரு பேக்கேஜ் அட்டையை எடுத்து நீட்டுவார். எழுபது சோதனை, எண்பது சோதனை என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். பழைய விலையை அடித்துவிட்டுப் புதிய விலை போட்டிருக்கும். அந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். முழு இரத்த எண்ணிக்கை எனப்படும் சிபிசி, ஒரு டியூப் இரத்தத்தைக் கருவியில் வைத்து ஒரே ஓட்டத்தில் செய்யும் சோதனை. அதில் வெளிவரும் ஹீமோகுளோபின், வெள்ளணு, தட்டணு, அவற்றின் விழுக்காடுகள் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணினால் இருபதைத் தாண்டிவிடும். கொழுப்புப் பரிசோதனையிலும் பல கூடங்கள் உண்மையில் அளப்பவை மொத்தக் கொழுப்பு, எச்டிஎல் என்னும் நல்ல கொழுப்பு, டிரைகிளிசரைடு ஆகிய மூன்றுதான். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல், விஎல்டிஎல், இரண்டு மூன்று விகிதங்கள் எல்லாம் அந்த மூன்றையும் கூட்டிக் கழித்து எழுதப்படுபவை. அட்டையில் அவையும் ஒவ்வொரு சோதனையாகக் கணக்கில் ஏறிவிடுகின்றன.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் வாழும், அறிகுறி எதுவும் இல்லாத வயதுவந்தோருக்கானது. அடிக்கடி தாகம் எடுக்கிறது, காரணமின்றி எடை குறைகிறது, நடந்தால் நெஞ்சு அடைக்கிறது, மலத்தில் இரத்தம் போகிறது என்ற நிலையில் இருப்பவர்கள் பேக்கேஜ் தேடிக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு வேண்டியது நோய் கண்டறிதல்; அதன் வழி வேறு.

முதல் படி: இஞ்ச் டேப்பும் பிரஷர் கருவியும்

ஊசி குத்துவதற்கு முன் செலவே இல்லாத ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் நான்கு கேள்விகளைக் கேட்கிறது. முதலாவது வயது: 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, அதற்கு மேல் 30. இரண்டாவது இடுப்புச் சுற்றளவு: ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் கீழ் இருந்தால் 0, அங்கிருந்து பத்து சென்டிமீட்டர் வரை 10, அதற்கும் மேலே போனால் 20. மூன்றாவது உடலுழைப்பு: உடற்பயிற்சியும் கடின வேலையும் இரண்டும் உண்டு என்றால் 0, ஏதேனும் ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லை என்றால் 30. நான்காவது பெற்றோர்: இருவருக்கும் சர்க்கரை இல்லை என்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. கூட்டுத்தொகை 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம் என்று பொருள். அம்மாவுக்குச் சர்க்கரை உள்ள, நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை பார்க்கும், இடுப்பு 94 சென்டிமீட்டர் உள்ள 38 வயது ஆணுக்கு 20, 10, 30, 10 என்று 70 வந்துவிடுகிறது. அவர் தம்மை ஆரோக்கியமானவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது இரத்த அழுத்தம். இது ஆய்வகச் சோதனை இல்லாததால் பேக்கேஜ்களில் விட்டுப்போகிறது. முப்பது வயதைக் கடந்த ஒருவருக்கு இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. அளப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து காபியும் புகையும் தவிர்த்து, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். வேறு வேறு நாள்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டாம் படி: எதைக் கேட்டு வாங்குவது

முதலில் சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இந்தியாப்’ (INDIAB) நீரிழிவு ஆய்வு 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர், அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர். முந்தைய நிலையில் உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது என்பதால் சோதித்தால் மட்டுமே தெரியும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை முந்தைய நிலை. 126 அல்லது அதற்கு மேல் என்றால், மறுபடியும் ஒரு நாள் எடுத்து உறுதி செய்தபின், நீரிழிவு. மூன்று மாதச் சராசரி என்று மக்கள் சொல்லும் எச்பிஏ1சி 5.7-க்குக் கீழ் இயல்பு, 6.4 வரை முந்தைய நிலை, 6.5 முதல் நீரிழிவு. எச்பிஏ1சி-க்கு வெறும் வயிறு தேவையில்லை என்பது பெரிய வசதி. ஆனால் அது ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால், இரும்புச்சத்துக் குறைவால் சோகை உள்ளவர்களுக்குக் கூடுதலாகவும், சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நிலை உள்ளவர்களுக்குக் குறைவாகவும் காட்டக்கூடும். சோகை பரவலாக உள்ள நம் ஊரில், குறிப்பாகப் பெண்கள், ஹீமோகுளோபின் அளவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எச்பிஏ1சி-யைப் படிக்க வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் வெறும் வயிற்றுச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளலாம். அபாய மதிப்பெண் 60-ஐத் தாண்டியவர்கள் இரண்டையும் எடுப்பது நல்லது.

இரண்டாவது கொழுப்பு. எல்டிஎல் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் ரிப்போர்ட்டை நாமே சரிபார்க்கலாம். மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல்-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்டிஎல் வரும். மொத்தம் 210, எச்டிஎல் 42, டிரைகிளிசரைடு 180 என்றால் எல்டிஎல் 132. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போதுதான் நேரடி எல்டிஎல் சோதனைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருள் உண்டு. முதல் சோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்று இப்போது பல வழிகாட்டு நெறிகள் ஏற்றுக்கொள்கின்றன. சர்க்கரைக்காக எப்படியும் வெறும் வயிற்றில் போகப்போகிறோம் என்பதால் இரண்டையும் ஒரே குத்தில் முடித்துக்கொள்வதுதான் நடைமுறை.

மூன்றாவது சிறுநீரகம். இங்கேதான் ஏமாறுவது எளிது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியாட்டினின் இரத்தத்தில் 1.1 என்று வந்து, பக்கத்தில் அச்சிட்ட வரம்புக்குள் இருந்தால் பலரும் நிம்மதியாகத் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். அதே 1.1-ஐ வயதும் பாலினமும் சேர்த்து இஜிஎஃப்ஆர் என்னும் வடிகட்டும் திறனாக மாற்றினால், 25 வயது ஆணுக்கு ஏறத்தாழ 95 வருகிறது; 70 வயதுப் பெண்ணுக்கோ 54 மட்டுமே. 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஆகவே கிரியாட்டினின் கொடுக்கும்போதே ‘இஜிஎஃப்ஆர் போட்டுத் தருவீர்களா’ என்று கேளுங்கள். அது கணக்குத்தான் என்பதால் தனிக் கட்டணம் வாங்க நியாயமில்லை. இதோடு சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று வேண்டும். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ ஏற்கெனவே உள்ளவர்கள் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையோடு நிற்காமல், சிறுநீரில் கசியும் அல்புமின் என்னும் புரதத்தைக் காட்டும் அல்புமின்-கிரியாட்டினின் விகிதத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அது 30-க்குக் கீழ் இருக்க வேண்டும். கிரியாட்டினின் ஏறுவதற்கு ஆண்டுகள் முன்பே சிறுநீரகத்தின் பாதிப்பை அது காட்டிவிடக்கூடும்.

பிரஷருக்கு மாத்திரை எடுக்கும் என் மாமா, பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த பெரிய பேக்கேஜ் ஒன்றைச் செய்துகொண்டார். மூட்டுவலிக்குக் காரணமாகக்கூடிய யூரிக் அமிலம் 7.4 என்று, வரம்பைத் தாண்டியதைக் காட்டும் தடித்த எழுத்தில் வந்தது. மூட்டுவலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் மூன்று வாரம் பருப்பையும் பயறையும் தொடாமல் இருந்தார். அவருக்கு உண்மையில் தேவைப்பட்ட அல்புமின் விகிதம் அந்த எழுபத்துச் சொச்சம் சோதனைகளில் ஒன்றாகக்கூட இல்லை.

நான்காவது, முழு இரத்த எண்ணிக்கை. ஹீமோகுளோபின் ஆணுக்கு 13-க்கும், கருவுறாத பெண்ணுக்கு 12-க்கும் குறைந்தால் சோகை. பெண்களுக்கு, அதிலும் மாதவிலக்கில் அதிக இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு, இது முதல் வரிசையில் வர வேண்டிய சோதனை. உடல் பருமனோ மதுப்பழக்கமோ சர்க்கரையோ உள்ளவர்கள் கல்லீரலுக்கான எஸ்ஜிபிடி-யைச் சேர்த்துக்கொள்ளலாம். தைராய்டுக்கான டிஎஸ்எச் சோதனையை எல்லாரும் ஆண்டுதோறும் எடுக்கத் தேவையில்லை. குடும்பத்தில் தைராய்டு உள்ளவர்கள், கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள், காரணமில்லாத சோர்வோ எடை மாற்றமோ உள்ளவர்கள் எடுத்தால் போதும்.

மூன்றாம் படி: எங்கே போவது

முதலில் அரசு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓபி சீட்டு போட்டால் சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீர் போன்ற அடிப்படைச் சோதனைகள் பணமின்றி நடக்கும். தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தின்கீழ் 30 வயதைக் கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றோடு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனையும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று கதவைச் சாத்துபவர்களில் படித்தவர்களே அதிகம் என்பது என் அனுபவம். எச்ஐவி பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களுக்குப் போகலாம். அங்கே கட்டணமும் இல்லை, தகவலும் வெளியே போகாது.

எல்லாவற்றையும் ஒரே காலையில் முடிக்க விரும்புபவர்களுக்கு அரசிலேயே கட்டண வழியும் உண்டு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் 2016-இல் முழு உடல் பரிசோதனைத் திட்டம் 1000, 2000, 3000 ரூபாய் என மூன்று தொகுப்புகளாகத் தொடங்கப்பட்டது. போகும் முன் இன்றைய கட்டணத்தையும், முன்பதிவு வேண்டுமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தலைநகரில் இருப்பவர்கள் தங்கள் ஊர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ‘மாஸ்டர் செக்கப் உண்டா’ என்று கேட்டுப் பார்க்கலாம். காத்திருக்க வேண்டியிருக்கும்; அந்த அரைநாள்தான் அதன் உண்மையான விலை.

தனியாரிடம் போனால், மேலே சொன்ன சர்க்கரை, எச்பிஏ1சி, கொழுப்பு, கிரியாட்டினின், சிறுநீர், முழு இரத்த எண்ணிக்கை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டாலும் பல ஊர்களில் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். சில வேளைகளில் இவை அனைத்தும் அடங்கிய சிறிய பேக்கேஜ், தனித்தனி விலையைவிடக் குறைவாகவே இருக்கும். அப்படியானால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள். பேக்கேஜ் என்றாலே தவிர்க்க வேண்டியதில்லை. ‘என் பட்டியலில் உள்ள ஆறும் இதில் இருக்கிறதா’ என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டினால் போதும்.

கூடத்தின் தரத்துக்கு, ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிஎல் தரும் அங்கீகாரம் ஓர் அடையாளம். ஆனால் கூடத்துக்கு அங்கீகாரம் உண்டு என்றால் அங்கே நடக்கும் எல்லாச் சோதனைக்கும் உண்டு என்று பொருளில்லை. எந்தச் சோதனைகளுக்கு என்பது தனிப் பட்டியலாக இருக்கும். வாசலில் பலகை இருப்பது சேகரிப்பு மையமாக மட்டும் இருக்கலாம். இரத்தம் எங்கே போய்ச் சோதிக்கப்படுகிறது என்று கேட்பதில் தவறில்லை. வெளியார் அனுப்பும் மாதிரிகளைச் சோதித்துத் தங்கள் முடிவுகளைச் சரிபார்த்துக்கொள்ளும் வெளித் தரச் சோதனையில் பங்கேற்கிறீர்களா என்றும் கேட்கலாம். வேலூர் சிஎம்சி நடத்தும் வெளித் தரக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் நாடெங்கும் உள்ள கூடங்கள் சேர்ந்திருக்கின்றன. அதில் சேர்ந்த கூடத்தார் அந்தக் கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள்.

நான்காம் படி: முந்தைய இரவும் மறுநாள் காலையும்

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்குப் போனால் சரியாக இருக்கும். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். அதற்காகப் பதினைந்து, பதினாறு மணி நேரம் பட்டினி கிடப்பதும் சரியில்லை. தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். நரம்பு எளிதில் கிடைக்கும். ஒரு வாய்க் காபி, சர்க்கரை போடாத காபி, வெற்றிலை எல்லாமே வெறும் வயிற்றைக் கெடுப்பவைதாம். பிரஷர் மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, இரத்தம் கொடுத்துச் சாப்பிடும் வரை தள்ளி வைக்க வேண்டும். முடி, நகத்துக்காகப் பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் தைராய்டு சோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். சில கருவிகளில் அது அளவைப் பிறழவைக்கும். காய்ச்சல் அடிக்கும்போதும், முந்தைய நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்தபோதும், மது அருந்தியபோதும் சோதனையை ஒத்திப்போடுவது மேல். பெண்கள் சிறுநீர்ப் பரிசோதனையை மாதவிலக்கு நாள்களில் தவிர்க்க வேண்டும். சிறுநீரில் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பிடிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பவர்களிடம் ஒன்றைக் கவனியுங்கள். எடுத்த இரத்தத்தில் உள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருப்பதால், சாதாரண டியூபில் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு ஐந்து முதல் ஏழு விழுக்காடு வரை சர்க்கரை குறையும். 128 இருந்தவருக்கு இரண்டு மணி நேரத்தில் 115-க்கு அருகில் காட்டக்கூடும். சர்க்கரைக்கான இரத்தம் சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைடு டியூபில் போகிறதா என்று பாருங்கள். எச்பிஏ1சி-க்கும் முழு இரத்த எண்ணிக்கைக்கும் ஊதா மூடி. டியூபில் உங்கள் பெயரை உங்கள் கண்முன்னே எழுதவோ ஒட்டவோ சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

தடித்த எழுத்தைப் பார்த்ததும் பதறுவதற்கு முன் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பல சோதனைகளின் இயல்பு வரம்பு, ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அடங்கும்படி வகுக்கப்படுகிறது. மீதி ஐந்து பேர் நலமாக இருந்தும் வரம்புக்கு வெளியே விழுவார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகளை ஒரு நலமானவருக்குச் செய்தால், ஒன்றிலாவது தடித்த எழுத்து வருவதற்கான வாய்ப்பு 64 விழுக்காடு. எண்பது சோதனைப் பேக்கேஜ் செய்தவர் பெரும்பாலும் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை என்பதற்கு இதுவே காரணம். இப்படிச் சற்றே விலகிய எண்ணுக்கு உரிய மருந்து பெரும்பாலும் சில வாரம் கழித்து அதே கூடத்தில், அதே நேரத்தில் மறுபடி எடுப்பதுதான். எச்பிஏ1சி சென்ற ஆண்டு 5.6, இவ்வாண்டு 5.7 என்றால் அந்த வேறுபாடு கருவியின் தடுமாற்றத்துக்குள் அடங்குவது, 5.6, 5.9, 6.2 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து ஏறினால் அது செய்தி.

ஒன்றை மட்டும் காத்திருக்க விடாதீர்கள்: சர்க்கரை 200, 300 என்று வந்தாலோ, ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே போனாலோ, கூடத்திலிருந்தே தொலைபேசியில் அழைத்துச் சொன்னாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

வேண்டாம் என்று சொல்லத்தக்கவை

புற்றுநோய்க் குறியீடுகள் என்று பேக்கேஜில் சேர்க்கப்படும் சிஏ-125, சிஇஏ போன்றவை அறிகுறியில்லாத ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறதா என்று தேடுவதற்கானவை அல்ல. மாதவிலக்கின்போதே சிஏ-125 ஏறலாம். புகைபிடிப்பவருக்குச் சிஇஏ ஏறியிருக்கலாம். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ-வை மருத்துவரோடு பேசி, முடிவு வந்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்தபின் எடுக்க வேண்டும். அறிகுறியில்லாதவருக்கு யூரிக் அமிலம், எல்லாருக்கும் வைட்டமின் டி, காய்ச்சலே இல்லாதவருக்கு டைஃபாய்டுக்கான வைடால் ஆகியவை பில்லை நீட்டுவதைத் தவிர அதிகம் செய்வதில்லை. மீன், முட்டை, பால் எதையும் தொடாதவர்களும், சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நெடுநாளாக எடுப்பவர்களும் பி12 பார்ப்பதில் மட்டும் நியாயம் உண்டு. புற்றுநோய்க்கென்று பணம் ஒதுக்கினால், பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கும், ஐம்பதை நெருங்கும் இருபாலரும் மலத்தில் மறைந்த இரத்தம் காணும் சோதனைக்கும் அதைச் செலவிடலாம்.

மறுபடி எப்போது

இரத்த அழுத்தமும் சர்க்கரையும் முப்பதுக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை. கொழுப்பு இயல்பாக இருந்து வேறு அபாயமும் இல்லாதவர்களுக்கு நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை போதும். அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று வகுக்கப்பட்டுள்ளன. முந்தைய நிலையில் சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டைத் தவறவிடக் கூடாது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், மருத்துவக் காப்பீட்டுக்கான மொத்த வரம்புக்குள், நோய்த்தடுப்புப் பரிசோதனைச் செலவுக்கு 5000 ரூபாய் வரை கழிவு கோரலாம். காசாகக் கட்டியிருந்தாலும் செல்லும், பில் மட்டும் வேண்டும். தாளில் வரும் எழுத்து சில ஆண்டுகளில் மங்கிப்போகலாம். ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே தேதி, கூடத்தின் பெயர், வெறும் வயிறா இல்லையா என்பதோடு முக்கிய எண்களை ஒரு நோட்டில் எழுதி, அதே பக்கத்தின் கீழே அடுத்த சோதனைக்கான மாதத்தையும் குறித்து வையுங்கள்.